வெட்டும் நொதி, ஒட்டும் பாஸ்பேட்

வாசகர் கேள்வி – பதில்

ரத்தம் உறைவதிலும், நோய் எதிர்ப்பின் ஓர் அங்கமான காம்ப்ளிமென்ட்டிலும் பாஸ்பேட்டுக்கு என்ன வேலை என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து சில.

கேள்வி (பாராமெடிக்கல் மாணவர்): பாடப் புத்தகத்தில் ரத்த உறைதல் என்றாலே 12, 11, 9, 10 என்று காரணிகள் ஒன்றையொன்று வெட்டிக் கிளப்பிவிடும் படம்தான் இருக்கிறது. பாஸ்பரிலேஷன் என்ற சொல்லையே காணோம். அது எங்கே நுழைகிறது?

பதில்: படம் சரிதான். உறைதல் காரணிகளும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் பெரும்பாலும் வெட்டுப்பட்டுத்தான் வேலைக்கு வருகின்றன. ஒரு நொதி அடுத்த புரதத்தைக் குறிப்பிட்ட இடத்தில் அறுக்கிறது. அறுபட்டது இன்னொன்றை அறுக்கிறது. கண்ணாடி விரியனின் நஞ்சு ரத்தத்தைக் கெடுப்பதும் இதே வெட்டு வேலையால்தான்: 10ஆம், 5ஆம் காரணிகளை அது நேராகக் கிளப்பிவிடுகிறது. வெட்டியதைத் திரும்பச் சேர்க்க வழியில்லை.

பாஸ்பரிலேஷன் வேறு ரகம். கைனேஸ் என்னும் நொதி, அடினோசின் ட்ரைபாஸ்பேட்டின் கடைசி பாஸ்பேட்டைக் கழற்றி, புரதத்திலுள்ள செரீன், த்ரியோனின், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்களில் ஒன்றின் மேல் ஒட்டுகிறது. பாஸ்படேஸ் அதைப் பிய்த்தெடுக்கும். ஒட்டலாம், எடுக்கலாம், மறுபடி ஒட்டலாம். 1955 வாக்கில் சியாட்டிலில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் தசையின் கிளைக்கோஜன் நொதியில் இதைக் கண்டார்கள். 1992இல் நோபல் பரிசு. நம் உடலில் 500க்கு மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு.

உறைதலில் இது முதலில் நுழையும் இடம் தட்டணு, அதாவது பிளேட்லெட். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும் இவற்றுக்கு உட்கரு கிடையாது. காயம் பட்ட சில விநாடிகளில் வடிவம் மாறி, ஒட்டிக்கொண்டு, உள்ளே உள்ளதைக் கொட்ட வேண்டும். புது மரபணுவைக் கிளப்பிப் புரதம் செய்ய வழியும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே இருக்கிற புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டியும் எடுத்துமே எல்லாம் நடக்கிறது.

கிழிந்த ரத்தக்குழாயின் கொலாஜன் மேல் தட்டணு படுகிறது. அதன் கிளைக்கோபுரோட்டீன் 6 ஏற்பியோடு கூடிய சங்கிலியின் டைரோசின்களில் ஃபின், லின் என்ற கைனேஸ்கள் பாஸ்பேட் ஒட்டுகின்றன. அந்த இரட்டைப் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு சிக் என்ற கைனேஸ் வந்து அமர்கிறது. அங்கிருந்து பிடிகே, பிறகு ஃபாஸ்ஃபோலிபேஸ் சி காமா 2, அதன் விளைவாகக் கால்சியம் பொங்குதல், புரோட்டீன் கைனேஸ் சி, துகள்கள் வெளியே கொட்டுதல். உறைதல் சங்கிலியின் முடிவில் பிறக்கும் நொதியான த்ராம்பின் வேறு வாசல் வழியாக வந்து மயோசினின் சிறு சங்கிலியில் பாஸ்பேட் ஏற்றுகிறது; தட்டையாக இருந்த தட்டணு உருண்டு முள் முளைப்பது அதனால்தான்.

தடுப்பதும் பாஸ்பேட்தான் என்பதை மறக்க வேண்டாம். நல்ல நிலையிலுள்ள ரத்தக்குழாய்ச் சுவர் விடும் ப்ராஸ்டாசைக்ளின், தட்டணுவுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி கடத்தும் சிறு மூலக்கூறைக் கூட்டுகிறது. புரோட்டீன் கைனேஸ் ஏ எழுகிறது. அது வாஸ்ப் போன்ற புரதங்களில் பாஸ்பேட் ஒட்டித் தட்டணுவை அடக்கி வைக்கிறது. ஆகவே "பாஸ்பரிலேஷன் உறைதலைக் கூட்டுமா, குறைக்குமா?" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் இல்லை. எந்தப் புரதம், எந்த இடம், எந்தக் கைனேஸ் என்று கேட்க வேண்டும்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் என் பாஸ்பரஸ் 4.8 என்று வந்திருக்கிறது. ரத்தம் சீக்கிரம் உறைந்துவிடுமா?

பதில்: இரண்டுக்கும் தொடர்பில்லை. அந்தச் சோதனை அளப்பது ரத்தத்தில் கரைந்துள்ள கனிமப் பாஸ்பேட்டை, பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மி.கி. வரை வழக்கம். கைனேஸ்கள் அதைத் தொடுவதில்லை. அவற்றுக்கு வேண்டியது அடினோசின் ட்ரைபாஸ்பேட். 4.8 என்றால் மருத்துவர் பார்க்கப்போவது சிறுநீரகத்தையும் பாராதைராய்டையும். ரத்தம் எடுத்த குழாயில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தாலும் இந்த எண் சற்று ஏறும்.

கேள்வி: இதய வால்வு மாற்றியதால், ரத்தம் உறையாதிருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறேன். வைட்டமின் கே செய்வதும் இந்தப் பாஸ்பேட் ஒட்டும் வேலைதானா?

பதில்: இல்லை. வைட்டமின் கே துணையோடு கல்லீரல் 2, 7, 9, 10ஆம் காரணிகளின் குளுட்டமிக் அமிலங்களில் ஒட்டுவது கார்பாக்சில் தொகுதி. அது இருந்தால்தான் அவை கால்சியத்தைப் பிடித்துத் தட்டணுவின் மேல் அமர முடியும். அசிட்ரோமும் வார்ஃபரினும் அதைத்தான் தடுக்கின்றன. கைனேஸ்களிடம் அவற்றுக்கு வேலையில்லை.

கேள்வி (உயிர்வேதியியல் மாணவி): செல்லுக்குள் சரி. பிளாஸ்மாவில் மிதக்கும் ஃபைப்ரினோஜனிலும் காம்ப்ளிமென்ட் சி3யிலும் பாஸ்பேட் இருப்பதாகப் படித்தேன். பிளாஸ்மாவில் அதற்கான ட்ரைபாஸ்பேட்டே கிடையாதே?

பதில்: நல்ல கேள்வி. (அடினோசின் ட்ரைபாஸ்பேட், டைபாஸ்பேட் இரண்டின் ஆங்கிலச் சுருக்கத்தையும் தமிழில் எழுதினால் ஒரே "ஏடிபி" ஆகிவிடும். அதனால்தான் இந்தப் பகுதியில் முழுப்பெயராக எழுதி வருகிறோம்.) செல்லுக்குள் மில்லிமோலார் கணக்கில் இருக்கும் ட்ரைபாஸ்பேட் பிளாஸ்மாவில் மிக மிக அற்பம், கசிந்ததையும் ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள சிடி39 நொதி உடைத்துவிடும். ஆனாலும் பிளாஸ்மாப் புரதங்களில் பாஸ்பேட் ஏற இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, புரதம் செல்லைவிட்டு வெளியேறும் முன்பே ஒட்டிவிடுவது. பால் கேசினில் பாஸ்பரஸ் இருப்பதை உப்சாலாவில் ஹமர்ஸ்டன் 1883இலேயே கண்டுவிட்டார். அதை ஒட்டும் கைனேஸ் எது என்பது மட்டும் 2012 வரை பிடிபடவில்லை. செல்லுக்குள் புரதங்களைப் பொதிந்து அனுப்பும் கால்ஜி உறுப்பில் உட்கார்ந்திருக்கும் ஃபேம்20சி தான் அது என்று சான் டியேகோவில் ஜாக் டிக்சனின் ஆய்வகத்தில் டாக்லியாபிராச்சி முதலானோர் காட்டினார்கள். செரீனிலிருந்து இரண்டு இடம் தள்ளி குளுட்டமிக் அமிலம் வந்தால் அந்தச் செரீனில் ஒட்டும். அதுதான் அதன் அடையாளம். வெளியே சுரக்கப்படும் பாஸ்போபுரதங்களில் பெரும்பாலானவை இதன் கைவண்ணம். இது பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்கு ரெய்ன் நோய் வருகிறது. அதில் முதலில் தெரிவது எலும்பு அளவுக்கு மீறி இறுகுவது.

ஃபைப்ரினோஜனை எடுத்துக்கொள்வோம். த்ராம்பின் அதன் ஆல்ஃபா சங்கிலி நுனியிலிருந்து 16 அமினோ அமிலம் நீளமுள்ள ஃபைப்ரினோபெப்டைடு ஏ என்ற துண்டை நறுக்கினால்தான் ஃபைப்ரின் நூல் உருவாகும். அந்தத் துண்டின் மூன்றாவது இடம் செரீன், ஐந்தாவது குளுட்டமிக் அமிலம். பெரியவர்களின் ஃபைப்ரினோஜனில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கில் அந்தச் செரீனில் பாஸ்பேட் இருக்கும். பிறந்த குழந்தையிடம் இந்த அளவு அதிகம். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கூடுகிறது. இதனால் நூல் தடிக்கிறதா, மெலிகிறதா? சோதனைக் குழாயில் எந்தக் கைனேஸைக் கொண்டு எந்த இடத்தில் ஒட்டினார்கள் என்பதைப் பொறுத்து முடிவுகள் இரண்டு பக்கமும் வந்திருக்கின்றன. ஒற்றை வரியில் பதில் சொல்லும் கட்டுரையை நம்பாதீர்கள்.

இரண்டாம் வழிதான் சுவையானது. தட்டணு கிளர்ந்தால் அதன் அடர்துகள்களிலிருந்து ட்ரைபாஸ்பேட், டைபாஸ்பேட், கால்சியம் எல்லாம் கொட்டும். கூடவே கேசின் கைனேஸ் வகை நொதிகளும் வெளியே வருகின்றன. ஒரு சிறு வட்டாரத்தில், கொஞ்ச நேரத்துக்கு, பிளாஸ்மாவிலேயே பாஸ்பரிலேஷன் நடக்கத் தேவையான எல்லாம் கூடிவிடுகிறது. அங்கே அகப்படும் 5ஆம் காரணியின் கிளர்ந்த வடிவத்தில் 692ஆவது செரீனில் பாஸ்பேட் ஏறுகிறது. ஏறியதும், உறைதலை அடக்கும் நொதியான கிளர்ந்த புரோட்டீன் சி அதை வேகமாக வெட்டிச் செயலிழக்கச் செய்கிறது. உறைதலுக்கு இது பிரேக்.

அதே இடத்தில் அகப்படும் சி3பியின் (சி3 வெட்டுப்பட்டுக் கிடைக்கும் துண்டு) கதை நேர்மாறு. உப்சாலாவில் கிறிஸ்டினா எக்டாலும் போ நில்சனும் 1995இல் காட்டியது இது: தட்டணுவின் கைனேஸ் பாஸ்பேட் ஒட்டிய சி3பியை, அதை வெட்டி அடக்க வேண்டிய காரணி ஐ சரியாக வெட்ட முடிவதில்லை. காம்ப்ளிமென்ட்டின் பிரேக் தளர்கிறது. காயத்தில் உறைவு எல்லை மீறாமல், கிருமியை அடையாளமிடும் சி3பி மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்கட்டும் என்பது இதன் தர்க்கமாக இருக்கலாம். இது எங்கள் ஊகம்தான். இவை பெரும்பாலும் சோதனைக் குழாயில் பார்த்தவை. ஓடும் ரத்தத்தில் இதன் பங்கு எவ்வளவு என்பதை அளப்பது கடினம்.

ஒரு எச்சரிக்கை: தட்டணுவின் அடர்துகளிலிருந்து பாலிபாஸ்பேட்டும் வருகிறது. 60 முதல் 100 பாஸ்பேட்டுகள் கோத்த கனிமச் சங்கிலி அது. தனியாகவே உறைதலை முடுக்கிவிடும். பெயர் ஒத்திருப்பதால் தேர்வில் பலர் அதைப் பாஸ்பரிலேஷன் கணக்கில் எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு லூபஸ் (உடலின் நோய் எதிர்ப்பு உடலையே தாக்கும் நோய்). சி3, சி4 குறைவு என்கிறார்கள். பாஸ்பேட் ஏறாததால் குறைந்ததா? ஒரே வாரத்தில் இரண்டு ஆய்வகங்களில் சிஎச்50 வெவ்வேறாக வந்தது ஏன்?

பதில்: சி3 சோதனை அளப்பது அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே (வழக்கமான அளவு டெசிலிட்டருக்கு 90 முதல் 180 மி.கி., சி4க்கு 10 முதல் 40). பாஸ்பேட்டை அது பார்ப்பதில்லை. லூபஸ் சீறும்போது எதிர்ப்பொருள் கூட்டுகள் காம்ப்ளிமென்ட்டைச் செலவழித்துவிடுவதால் அளவு இறங்குகிறது.

சிஎச்50 வேறு. மொத்தச் சங்கிலியும் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை. மாதிரியைக் கையாளும் விதத்தில்தான் அது பெரும்பாலும் கெடுகிறது. ரத்தம் சாதாரணக் குழாயில் அறை வெப்பத்தில் 30 முதல் 60 நிமிடம் உறைய வேண்டும். உடனே சீரம் பிரிக்க வேண்டும். அன்றே செய்யாவிட்டால் மைனஸ் 70 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். மேசைமேல் மதியம் வரை கிடந்த சீரம் குறைவாகத்தான் காட்டும். இடிடிஏ குழாயில் எடுத்தால் கால்சியமும் மக்னீசியமும் பிடிபட்டுவிடுவதால் சங்கிலியே ஓடாது, விடை பூஜ்யம். ஆனால் சி3ஏ, கரையும் சி5பி-9 போன்ற கிளர்ச்சித் துண்டுகளை அளக்க அதே இடிடிஏ குழாயைத்தான், பனிக்கட்டியில் வைத்து, பயன்படுத்த வேண்டும். சாதாரணக் குழாயில் உறையும்போதே அந்தத் துண்டுகள் புதிதாகப் பிறந்துவிடும். சி3, சி4 சரியாக இருந்து சிஎச்50 மட்டும் அடிமட்டத்தில் வந்தால் முதலில் புது மாதிரி கொடுங்கள். மறுபடியும் அப்படியே வந்தால்தான் பிறவிக் குறைபாட்டைத் தேட வேண்டும்.

கேள்வி (ஆய்வக நுட்புநர்): தட்டணுவை அடக்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு "வாஸ்ப்" சோதனை கேட்கிறார்கள். அது எதை அளக்கிறது? எங்கே தவறு வரும்?

பதில்: ஒரு பாஸ்பேட்டை நேரடியாக அளந்து மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லும் அரிய சோதனை இது. மேலே சொன்ன அடக்கும் பாதையை நினைவில் வையுங்கள். ப்ராஸ்டாசைக்ளின் போலவே வேலை செய்யும் ப்ராஸ்டகிளாண்டின் இ1 சேர்த்தால் வாஸ்பின் 239ஆவது செரீனில் பாஸ்பேட் ஏறும். டைபாஸ்பேட்டையும் சேர்த்தால் அது பி2ஒய்12 ஏற்பி வழியாக சைக்ளிக் ஏஎம்பியை இறக்கி, பாஸ்பேட்டையும் இறக்கும். க்ளோபிடோக்ரெல் அந்த ஏற்பியை அடைத்திருந்தால் டைபாஸ்பேட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பாஸ்பேட் அப்படியே நிற்கும்.

3.2 சதவீத சிட்ரேட் குழாயில் ரத்தம். ஒரு குழாயில் இ1 மட்டும், இன்னொன்றில் இ1 உடன் டைபாஸ்பேட், மூன்றாவது எதிர்க்கட்டுப்பாடு (பின்னணி ஒளிர்வை மட்டும் காட்டும் ஒப்பீட்டுக் குழாய்). ஒவ்வொன்றிலும் 10 மைக்ரோலிட்டர் ரத்தம், அறை வெப்பத்தில் 10 நிமிடம். பிறகு நிலைப்படுத்தி, சவ்வைத் துளைத்து, பாஸ்போ-வாஸ்ப் எதிர்ப்பொருள், ஒளிரும் இரண்டாம் எதிர்ப்பொருள் என்று வரிசையாக 5 நிமிடங்கள். அணுக்களின் ஒளிர்வை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் வாசிப்பு. எதிர்க்கட்டுப்பாட்டைக் கழித்த ஒளிர்வு இ1இல் 40, டைபாஸ்பேட் சேர்த்ததில் 8 என்றால் (40 − 8) ÷ 40, அதாவது 80 சதவீதம்: மருந்து வேலை செய்யவில்லை. 40க்கு 32 என்றால் 20 சதவீதம்: நன்றாக அடைத்திருக்கிறது. 50க்குக் கீழ் என்பது வழக்கமான எல்லை.

தவறுகள்: குழாயை ஃபிரிட்ஜில் வைப்பது முதல் தவறு. குளிரில் தட்டணு தானாகக் கிளர்ந்துவிடும். அறை வெப்பத்தில் வைத்தால் 48 மணி நேரம் வரை தாங்கும். 600 மி.கி. முதல் டோஸ் கொடுத்து ஒரு மணி நேரத்தில், மருந்து முழுதாக வேலைக்கு வரும் முன்பே, ரத்தம் எடுப்பது அடுத்தது. தினம் 75 மி.கி. மட்டும் என்றால் நிலைபெற 5 முதல் 7 நாள் ஆகும். சிலோஸ்டசால் சாப்பிடுபவரிடம் சைக்ளிக் ஏஎம்பி ஏற்கெனவே ஏறியிருக்கும் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். ஆஸ்பிரினின் வேலையை இந்தச் சோதனை காட்டாது.

மருந்து ஏன் வேலை செய்யாமல் போகிறது? க்ளோபிடோக்ரெல் விழுங்கிய வடிவத்தில் வெறும் மாவு. கல்லீரலின் சிஒய்பி2சி19 நொதிதான் அதை மருந்தாக்குகிறது. ஜிப்மர் குழுவினர் தமிழரிடையே செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், அந்த நொதியைச் செயலிழக்கச் செய்யும் 2ஆம் வகை மரபணுப் பிரதி சுமார் 38 சதவீதம் இருந்தது. ஐரோப்பியரிடம் உள்ளதைவிட இரு மடங்குக்கும் மேல். போதாக்குறைக்கு ஓமிப்ரசோல் என்னும் "கேஸ் மாத்திரை" அதே நொதியைத் தடுக்கும். பான்டோப்ரசோல் அவ்வளவு தடுப்பதில்லை. அதே ஏற்பியை அடைக்கும் இன்னொரு மருந்தான டைகாக்ரலார், வேலைக்கு வரக் கல்லீரலை நம்பியிருப்பதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தட்டணுச் சோதனை செய்து மருந்தை மாற்றினால் மாரடைப்பு குறையும் என்பதை 2011இல் கிராவிட்டாஸ், 2012இல் ஆர்க்டிக் ஆய்வுகள் நிறுவவில்லை. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டவர், மருந்தின் மேல் சந்தேகம் உள்ளவர் போன்றோருக்குத்தான் கேட்பது பொருத்தம். எண்ணைப் பார்த்து நோயாளி தானாக மாத்திரையை நிறுத்துவது எல்லாவற்றையும்விட ஆபத்து.

கேள்வி: மகனுக்கு ஹீமோஃபிலியா பி (9ஆம் காரணி குறைவால் ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய்). பிளாஸ்மாவிலிருந்து எடுத்த 9ஆம் காரணியை விட்டு, ஆய்வகச் செல்களில் வளர்த்தெடுக்கும் ரீகாம்பினன்ட் மருந்துக்கு மாறியதும் யூனிட் கூட்டிவிட்டார்கள். மருந்து தரம் குறைவா?

பதில்: தரம் குறைவில்லை, ஒப்பனையில்தான் சிறு வித்தியாசம். மனிதக் கல்லீரல் செய்யும் 9ஆம் காரணியில் 158ஆவது செரீனில் பாஸ்பேட்டும் 155ஆவது டைரோசினில் சல்பேட்டும் பெரும்பாலும் இருக்கும். சீன வெள்ளெலியின் செல்களில் செய்யும் வழக்கமான ரீகாம்பினன்டில் பாஸ்பேட் அநேகமாக இல்லை, சல்பேட்டும் குறைவு. ஊசி போட்டபின் ரத்தத்தில் எதிர்பார்த்த அளவு ஏறாததற்கு இந்த இரண்டின் மேல்தான் முதல் சந்தேகம். வெட்டி உறைய வைக்கும் திறன் குறைவதில்லை. பிளாஸ்மா மருந்து கிலோவுக்கு 1 யூனிட் போட்டால் அளவு சுமார் 1 சதவீதம் ஏறும். அந்த ரீகாம்பினன்டில் பெரியவர்களுக்கு 0.8, சிறுவர்களுக்கு 0.7 வாக்கில். 60 கிலோ ஆளுக்கு 40 சதவீதம் ஏற்ற பிளாஸ்மா மருந்து 2400 யூனிட், ரீகாம்பினன்ட் 3000 யூனிட். நீண்ட நேரம் நிற்கும் புது வகைகளுக்குக் கணக்கு வேறு. ஆளுக்கு ஆள் மாறுவதால், போட்டு 15 முதல் 30 நிமிடத்தில் ஒரு முறை அளவைப் பார்த்துவிட்டால் ஊகம் தேவையில்லை.

கேள்வி: ரத்தப் புற்றுக்கு இப்ருட்டினிப் சாப்பிடும் அப்பாவுக்குக் கையெல்லாம் நீலத் திட்டு. தட்டணு எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது. பின் ஏன்?

பதில்: எண்ணிக்கை சரி, வேலை குறைவு. முதல் பதிலில் சொன்ன பிடிகே என்ற கைனேஸ், பி அணுக்கள் என்னும் வெள்ளணு வகையில் மட்டுமல்ல, தட்டணுவிலும் கொலாஜன் பாதையில் இருக்கிறது. மருந்து அதை நிரந்தரமாக அடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பிறவியிலேயே பிடிகே இல்லாதவர்களுக்குப் பெரிதாக ரத்தம் கசிவதில்லை. டெக், சார்க் வகைக் கைனேஸ்களையும் சேர்த்து இம்மருந்து தொடுவதே காரணம் என்று கருதுகிறார்கள். பல் பிடுங்குவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். அறுவையின் அளவைப் பொறுத்து முன்னும் பின்னும் 3 முதல் 7 நாள் நிறுத்தச் சொல்வார். மீன் எண்ணெய் மாத்திரை, புரூஃபன் வகை வலி மாத்திரை இரண்டையும் தானாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

சிக் கைனேஸை அடைக்கும் ஃபோஸ்டமாடினிப் மருந்தோ ஐடிபி நோயால் (சொந்த எதிர்ப்பொருள்களே தட்டணுக்களை அழிக்கும் நோய்) தட்டணு குறைந்தவர்களுக்கே கொடுக்கப்படுகிறது! எதிர்ப்பொருள் படிந்த தட்டணுக்களை மண்ணீரல் அணுக்கள் விழுங்குவதற்கும் அதே சிக்கின் பாஸ்பரிலேஷன் வேண்டும்; அதைத் தடுத்தால் தட்டணுக்கள் தப்பிக்கின்றன. 100 மி.கி. இருவேளை ஆரம்பம், ரத்த அழுத்தத்தையும் கல்லீரலையும் கவனிக்க வேண்டும்.

கேள்வி (ஆய்வு மாணவர்): தட்டணுவில் பாஸ்போ-வாஸ்ப் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பிரித்துச் சவ்வில் ஏற்றி, எதிர்ப்பொருளால் அடையாளம் காணும் சோதனை) செய்தால் எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி பட்டை. பின்னணியும் கறுப்பு.

பதில்: இரண்டும் தனித்தனிப் பிழைகள். தட்டணுவைக் கழுவும்போது கிளர்ந்துவிடாதிருக்க ப்ராஸ்டகிளாண்டின் இ1 சேர்த்திருப்பீர்கள். அதுவே வாஸ்பில் பாஸ்பேட் ஏற்றும் மருந்து. எல்லா வரிசையும் சோதனை தொடங்கும் முன்பே "ஏறி" இருக்கின்றன. இந்தச் சோதனைக்கு மட்டும் அமிலச் சிட்ரேட் கரைசலும், கசியும் டைபாஸ்பேட்டை உடைக்கும் அபைரேஸ் நொதியும் போதும். 200 ஜி, 15 நிமிடம், பிரேக் போடாமல் சுழற்றி மேலே உள்ள மூன்றில் இரண்டு பங்கை மட்டும் எடுங்கள். கழுவியபின் 37 டிகிரியில் அரை மணி நேரம் ஓய்வு கொடுங்கள்.

பின்னணி கறுப்பதற்குப் பால்பவுடர் காரணம். கேசின் தலைமுதல் கால்வரை பாஸ்பேட் ஏந்திய புரதம். பொதுப் பாஸ்போசெரீன் எதிர்ப்பொருள் சவ்வு முழுக்க அதைத்தான் பிடிக்கும். 5 சதவீத மாட்டு ஆல்புமினும், பாஸ்பேட் பஃபருக்குப் பதில் ட்ரிஸ் பஃபரும் போடுங்கள்.

செல்லை உடைக்கும்போது சோடியம் ஃப்ளூரைடும் (10 முதல் 50 மில்லிமோலார்) ஆர்த்தோவனடேட்டும் (1 மில்லிமோலார்) இல்லாவிட்டால் பாஸ்படேஸ்கள் நிமிடங்களில் துடைத்துவிடும். வனடேட்டை பிஹெச் 10இல் வைத்து, மஞ்சள் நிறம் போகும்வரை கொதிக்கவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். அதோடு இடிடிஏவோ டிடிடியோ கலந்தால் வனடேட் வீண். பலர் கவனிக்காதது இது. எளிய வழி, கொதிக்கும் எஸ்டிஎஸ் பஃபரை நேரே ஊற்றி 95 டிகிரியில் 5 நிமிடம்.

வாஸ்பில் ஒரு வசதி உண்டு: 157ஆவது செரீனில் பாஸ்பேட் ஏறினால் பட்டை 46இலிருந்து 50 கிலோடால்டனுக்கு மேலேறும். 239இல் ஏறினால் நகராது. ஆகவே மொத்த வாஸ்ப் எதிர்ப்பொருளைப் போட்டாலே 157இன் நிலை தெரிந்துவிடும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு வரிசையை மட்டும் எஸ்டிஎஸ்ஸும் தடுப்பான்களும் இல்லாத பஃபரில் உடைத்து, மாங்கனீசுடன் லாம்டா பாஸ்படேஸில் 30 டிகிரியில் 30 நிமிடம் வைத்து ஓட்டுங்கள். பட்டை மறையாவிட்டால் குற்றவாளி எதிர்ப்பொருள்.